பறித்தவள் பக்கம் சாயும் பூ

ஆடி பிறந்ததிலிருந்து மூன்று வாரம் மழை மூச்சுவிடாமல் பெய்த வருஷத்தில், நரிமட்டம் எஸ்டேட் மூணாம் பாடியில், ஒரே தகரக் கூரைக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்ற இருபது வீடுகளில் ஏழாவதான சீனியம்மாள் வீட்டில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு இலையில்லாத ஒரு பூ முளைத்தது. ஒரு சாண் உயரம், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு நிறத்தில் தண்டு, தண்டின் நுனியில் தலைகுனிந்த ஒற்றைப் பூ, உடம்பில் மருந்துக்குக்கூடப் பச்சை கிடையாது. அந்த மலைக்கு அது புதிதில்லை. எஸ்டேட்டுக்கு மேலே சோலைக்காட்டுக்குள், வெயில் விழாத மூங்கில் புதரடியில், மழைக்காலத்தில் வெள்ளை வெள்ளையாக முளைத்து, பக்கத்து மரத்தின் வேரில் வாய்வைத்து உறிஞ்சிப் பிழைத்துவிட்டுப் போகும் பூ அது. விறகு பொறுக்கப் போன எல்லோரும் பார்த்ததுதான், எதற்கும் உதவாததால் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. காட்டில் மரம் இருந்தது, வீட்டில் மனுஷர்கள் இருந்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

அது ஏன் வீட்டுக்குள் வந்தது என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரமில்லை. காலைச் சங்கு ஊதப்போகிறது, தலையில் பிளாஸ்டிக் தாளும் இடுப்பில் சாக்குப்படங்கும் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்; ஒன்பதாம் வீட்டு முப்பிடாதியும் வாசலில் நின்று பார்த்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சீனியம்மாளின் விரல்கள் அந்தப் பூவைக் கிள்ளிவிட்டன. அவள் கிள்ளவில்லை, விரல்கள் கிள்ளின. கொழுந்து பறிக்கிற பெண்களின் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காதவை. கல்யாண வீட்டில் மணமாலையின் ஓரத்தைக் கிள்ளும், பஸ்ஸில் சீட்டின் பஞ்சைக் கிள்ளும், தூக்கத்தில் பாயின் கோரையைக் கிள்ளும். கிள்ளினால் தேயிலை என்ன செய்யும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. ஒன்று கிள்ளிய இடத்தில் இரண்டு துளிர்க்கும், அதைக் கிள்ளித்தான் அவர்கள் சோறு தின்றார்கள். தெரிந்தும் கிள்ளினார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு பூ இருந்தது, இரண்டும் சீனியம்மாள் படுத்திருந்த பாயின் பக்கம் தலை சாய்த்து. ஐயோ பாவம் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொன்றைக் கிள்ளி அடுப்பில் போட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, அடுத்த நாள் அவரவர் வீட்டுத் தரையில் இரண்டிரண்டு முளைத்தது. காம்பில் ஒரு துண்டு தரையில் மிஞ்சியிருந்ததால் சீனியம்மாள் வீட்டிலும் விடிந்ததும் ஒன்று புதிதாக, அவள் பக்கமே சாய்ந்து நின்றது. ஆவணி பிறப்பதற்குள் பதிமூன்று வீட்டில் பூ.

அது ஆளிடமிருந்து பச்சையை எடுத்தது. மூன்றாம் நாள் முன்கையில் குத்தியிருந்த பச்சைக் கோலம் சோப்புப் போட்டுக் கழுவியதுபோலக் காணாமல்போகும். ஒரு வாரத்தில் மணிக்கட்டில் பச்சையாக ஓடும் நரம்பு வெளுக்கும். அப்புறம் கண்ணிலிருந்தும் பச்சை போகும். "மலை முழுக்க யாரோ அடுப்புச் சாம்பலைக் கொட்டி வச்சிருக்காங்க மதினி" என்றாள் சீனியம்மாள், கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கூடையில் கலந்துகட்டிப் போட்டுக்கொண்டு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கடைசியில் எடுத்துக்கொண்டது பயத்தை. பச்சையெல்லாம் தீர்ந்தபிறகு சீனியம்மாள் ஒரு நாள் விறகுக் கட்டுக்குள்ளிருந்து உயிருள்ள விரியன் பாம்பை நடுவில் பிடித்துத் தூக்கி, ஈரவிறகு என்று சொல்லி ஓரமாகப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அதைப் பார்த்த அவள் புருஷன் தங்கமாடன் நடுங்கிப்போய், அவள் பக்கம் சாய்ந்திருந்த பூவைப் பிடுங்கி எறிந்தான். மூன்று நாளில் அவள் கைக்குக் கோலம் திரும்பியது, பயமும் திரும்பியது, பாம்பை நினைத்து ஒரு பகல் முழுக்க அழுதாள். அடுத்த வாரம் தங்கமாடன் மணிக்கட்டில் நரம்பில்லை. அவன் வீட்டுத் தரையில் இரண்டு பூவும் அவன் பக்கம் சாய்ந்திருந்தன.

பூ பறித்தவர் தலையில் விடியும் என்பது அப்படித்தான் பாடிக்குத் தெரிந்தது.

தெரிந்ததும் பாடி அதற்குத் தகுந்தபடி வாழப் பழகிக்கொண்டது, மனுஷர்கள் எதற்குத்தான் பழகவில்லை. சூப்பர்வைசர் ஞானதுரை களைக்கொல்லி அடிக்கச் சொன்னார். பூ அதை இளநீர்போலக் குடித்துவிட்டு நின்றது, ஆட்களின் நாக்குத்தான் நாலு நாள் மண்ணெண்ணெயாய் நாறியது. பேர் கூப்பிடும் இடத்தில் ஒவ்வொருவரும் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்கள். வெளுத்தவர்களுக்குக் கொழுந்து கிடையாது, சாக்குச் சுமக்கிற வேலை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்துக்கு முன்னால் கையைப் பார்த்தார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நுழைவது மரியாதை ஆனது. 'உன் பூவைப் பறிக்க மாட்டேன், என் பூவை உனக்குத் தர மாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். காப்பி கொடுத்தால் வாசலுக்கு வந்து வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பூ, இரண்டு பூவோடு நின்றவர்கள் மெதுவாகத்தான் வெளுத்தார்கள். தை மாதத்துப் பனி இறங்கினால் பூ காய்ந்துவிடும், காய்ந்தால் பச்சை திரும்பிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பாடி செய்யக்கூடாத ஒன்றையும் செய்தது. ஜவுளி மூட்டையோடு மேலேறி வந்த வியாபாரி ஒருவரைப் பதினாலாம் வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "அண்ணாச்சி, அந்தப் பூவைக் கொஞ்சம் பறிச்சுக் குடுங்களேன், சாமிக்கு வைக்கணும், நாங்க தீட்டு" என்று கேட்டார்கள். பறித்துக் கொடுத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன். பாடியில் அவருக்கு வீடில்லாததால் மறுநாள் அந்த வீட்டிலேயே இரட்டிப்பாக முளைத்த பூக்கள் எல்லாம் மலையிறங்கும் ரோட்டின் பக்கம் சாய்ந்து நின்றன. அந்த வியாபாரி அப்புறம் வரவில்லை. பதினாலாம் வீட்டுக்காரர்கள் ரோட்டுப்பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள்.

புரட்டாசி முதல் வாரத்தில் யானை ஒன்று ரேஷன் கடைச் சுவரை இடித்தது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்க, தங்கமாடன் செருப்பை மாட்டிக்கொண்டு, அதைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நடந்துபோனான். அவன் வீட்டுப் பூக்கள் அந்த நேரத்திலேயே கருகின.

இத்தனையிலும் முப்பிடாதி ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் இரண்டு கையையும் மடிக்குள் செருகிவைத்துக்கொண்டாள். புருஷன் செத்துப் பதினோரு வருஷம். அன்றிலிருந்து அவள் இந்த இரண்டு கைகளை நம்பித்தான் மகளை வளர்த்தாள், படிக்கவைத்தாள், பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்தாள். மகள் வெயிலுகந்தாளுக்கு ஒன்பதாம் மாதம். வராதே என்று முப்பிடாதி போனில் எத்தனையோ சொன்னாள், பூவைச் சொன்னாள், தங்கமாடனைச் சொன்னாள்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு அத்தை ஒத்தக் கால்ல நிக்காங்க. நான் அந்தப் பூவைத் தொடாம இருந்தாச் சரிதானம்மா?" என்றாள் வெயிலு.

அவள் பஸ்ஸில் வந்து இறங்குகிற அன்றைக்கு முப்பிடாதி சோலையை ஒட்டின நிரையில் பறித்துக்கொண்டிருந்தாள். மேகம் இறங்கி மூன்றாம் செடி தெரியவில்லை. அவள் கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, காது பஸ்ஸின் உறுமலுக்குக் காத்திருந்தது, விரல்கள் மட்டும் தம் பாட்டுக்குச் செடியில் மேய்ந்துகொண்டிருந்தன. சாயங்காலம் எடைபோடும் இடத்தில் கூடையைக் கவிழ்த்தபோது கொழுந்துக் குவியலுக்குள் வெள்ளையாக ஒரு தண்டு கிடந்தது. முப்பிடாதி அதைக் காலால் தள்ளிச் சேற்றில் மிதித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் மகளைக் கட்டிப்பிடித்து வெகுநேரம் விடவில்லை, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

விடிந்ததும் அடுப்பின் ஓரத்தில் இரண்டு பூ, அவள் பாயின் பக்கம் சாய்ந்து. பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். தன்மேல் வந்ததுதானே, தை வரைக்கும் தாங்கிக்கொள்ளலாம், இரண்டு பூதானே என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டாள். முப்பிடாதியின் இடது முன்கையில், சின்ன வயசில் ஊர்க்கொடையில் குத்திக்கொண்ட தேள் ஒன்று உண்டு. மூன்றாம் நாள் அது மங்கி மறைந்தது. முழுக்கைச் சட்டைக்குள் அதை ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆறாம் நாள் காலையில் முகம் கழுவச் சட்டையை மடித்தபோது, தேள் வாலைத் தூக்கிக்கொண்டு பளிச்சென்று பச்சையாக உட்கார்ந்திருந்தது. போன நிறம் திரும்பி வந்ததைப் பார்த்து அடுப்படிக்கு ஓடினாள். கூடையைத் தூக்கினாள். நாலு பூ. நாலும் மகளின் கட்டில் பக்கம் சாய்ந்திருந்தன.

மகளிடம் கேட்கவில்லை. வெயிலு குளிக்கப் போன நேரத்தில் நாலையும் கிள்ளி அடுப்பில் போட்டுவிட்டு, கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சங்குக்கு ஓடினாள். மறுநாள் எட்டு, தன் பக்கம் சாய்ந்து. தேள் மறைந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். நாலாம் நாள் சோற்றுப் பானையை இறக்கும்போது கையில் மறுபடி தேள் ஏறியிருந்தது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. கூடையைத் தூக்கிப் பார்த்தாள். பதினாறு பூ நின்றது. அவற்றின் நடுவே வளைகாப்பு வளையலின் பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது.

"இது யார் வளையல்ட்டி?"

வெயிலு மறைக்கவில்லை. "என்னோடதுதான். குனியும்போது கல்லுல பட்டு ஒடஞ்சுட்டு."

"தொடமாட்டேன்னியே பாவி! ரெண்டு பூதானட்டி, என் மேலதான, நான் தாங்கமாட்டனா?"

"நாலு எட்டாச்சே, அது தானா ஆச்சா? நீயும்தான பறிச்ச?"

"நான் பெத்தவ."

"நானும் பெறப்போறவதான். அப்பா செத்த அன்னையிலேருந்து எல்லாத்தையும் நீ ஒருத்தியாத்தான சுமந்த. இதையும் நீயே தூக்குவ, நான் கால நீட்டி உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கணுமா?"

"வயித்துல ஒரு உசுர வச்சுக்கிட்டுப் பேசுத பேச்சா இது? இனிமே தொடமாட்டேன்னு அந்தப் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

"மொதல்ல நீ பண்ணு."

இருவரும் சத்தியம் பண்ணவில்லை. பண்ணினாலும் மற்றவள் மீறுவாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லிவைத்தவன் இந்த வீட்டைப் பார்த்திருக்கவில்லை. இங்கே இரண்டு மனமும் பித்தாக இருந்தது, அதுதான் வினை. பாடியில் வேறு எந்த வீட்டிலும் பூ இப்படிப் பெருகவில்லை. மற்ற வீடுகளில் ஒருவர் வெளுத்தால் மற்றவர்கள் அழுதார்கள், பயந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அதனால் பிழைத்தார்கள்.

முப்பிடாதி அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாள். இப்போது தான் பறித்தால் முப்பத்திரண்டு. மூன்று நாளில் மகளுக்குத் தெளிவு வரும், வந்ததும் பறிப்பாள், அறுபத்துநாலு. கடைசியில் ஒருத்தி கட்டாயம் போவாள், பிள்ளையோடு போனாலும் போவாள். கடைசியாகப் பறிக்கிறவள் தானாக இருக்க வேண்டும், அப்புறம் மகள் பறிக்க முடியாத நேரமாகவும் அது இருக்க வேண்டும். அப்படி ஒரு நேரம் எது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் மடிக்குள் செருகியிருந்த இரண்டு கையையும் வெளியே எடுத்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏனென்றால் அந்த நேரம் வரும்வரை பதினாறு பூவையும் மகள்மேல் விட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மகளின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். நரம்பு நூலாகி, மயிராகி, ஒரு காலையில் இல்லாமல்போனது. தொட்டிலுக்கென்று பழைய சேலையைக் கிழித்து ஓரம் அடித்துக்கொண்டிருந்த வெயிலு, வளையலைக் கிலுக்கிக்கொண்டே கேட்டாள், "அம்மா, இதுல எதும்மா பச்சை? எல்லாம் ஒண்ணுபோலத் தெரியுது." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். முப்பிடாதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இரண்டு நாள் கழித்து வெயிலு ஓடைப்பக்கம் பாசிப் பாறைமேல் நிறைமாத வயிற்றோடு ஏறி நின்று மழையை வேடிக்கை பார்த்தாள்; காலில் ஏழு அட்டை தொங்கியது, அதைத் தட்டிவிடவும் இல்லை. வீட்டுப் பின்பக்கம் சிறுத்தை இருமுகிற சத்தம் கேட்டபோது, அதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறக்கப் போனாள். முப்பிடாதி கதவில் சாய்ந்துகொண்டு மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏம்மா இப்படி நடுங்குத? பயப்படாம இருந்து பாரு, எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா. பிள்ளை பிழைக்குமா, நீ பிழைப்பியா, ஒண்ணும் தோணல. வெறும் வயலாட்டம் இருக்கு நெஞ்சு."

முப்பிடாதி தன் வாழ்க்கையில் அத்தனை பயந்தது கிடையாது. புருஷனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்றைக்குக்கூட இல்லை. பூ என்ன எடுக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. பிள்ளையைப் பற்றிப் பயமில்லாதவளைத் தாய் என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி பாடியின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை போனாள். ஒவ்வொரு வாசலிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒரே ஒன்றைக் கேட்டாள். "எம் மக ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளையோட வருவா. வந்து என் வீட்டு வாசல்ல நின்னு, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்கன்னு நீட்டுவா. யாரும் வாங்கிராதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்." சிலர் புரியாமல் தலையாட்டினார்கள். புருஷனைப் பறிகொடுத்த சீனியம்மாளுக்கு மட்டும் சொல்லாமலே புரிந்தது.

"வேண்டாம் மதினி," என்றாள் அவள். "எங்க வீட்டு ஆளும் இப்படித்தான் எனக்காகப் பறிச்சுது. நான் உசுரோட இருக்கேன். என்ன உசுரு இது."

"உனக்குப் பிள்ளை இல்ல சீனி. அவளுக்கு இருக்கும். அது அவளை இழுத்துப் பிடிச்சுக்கிடும்" என்றாள் முப்பிடாதி. "அவகூட ஆஸ்பத்திரிக்கு நீதான் போகணும்."

செவ்வாய்க்கிழமை காலையில் வெயிலுவுக்கு இடுப்புவலி கண்டது. பல்லைக் கடிக்கவில்லை, கத்தவில்லை, யாருக்கோ வலிப்பதுபோல வேடிக்கையாக வயிற்றைப் பார்த்துக்கொண்டே எஸ்டேட் ஜீப்பில் ஏறினாள். சீனியம்மாள் ஏறினாள். முப்பிடாதி ஏறவில்லை. பெற்ற மகள் தலைப்பிரசவத்துக்குப் போகிறாள், கூடப் போகாமல் கல்லாட்டம் நிற்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று மற்ற பாடிக்காரர்கள் பேசினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், தனக்கு வந்தால்தானே தலைவலியும் காய்ச்சலும்.

ஜீப் வளைவில் மறைந்ததும் அவள் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கிற மாதிரியே இரண்டு கையாலும் பதினாறு பூவையும் கிள்ளினாள். அத்தனை நாள் மடிக்குள் கட்டிப்போட்டிருந்த விரல்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோலத் துள்ளின. மறுநாள் முப்பத்திரண்டு பூ அவள் பக்கம் சாய்ந்து நின்றது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகள் வருவாள், தெளிந்த கண்ணோடு வருவாள், பிள்ளையை எங்காவது ஓரமாகத் தரையில் படுக்கவைத்துவிட்டு இரண்டு கையாலும் பறிப்பாள். வெளியே மழையும் சேறும், ஆகவே அந்த வீட்டில் பிள்ளையைப் படுக்கவைக்க ஒரு சாண் இடம்கூட இருக்கக்கூடாது. முப்பிடாதி முப்பத்திரண்டையும் கிள்ளினாள்.

அன்றைக்கு மத்தியானம் எட்டாம் வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்னாள்: "சீனி போன் பண்ணுச்சுக்கா. பொட்டப்பிள்ளை. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பிள்ளை கையில நரம்பு பச்சைப்பசேல்னு தெரியுதாம்." முப்பிடாதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள், முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். தேள் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. இத்தனை பூவுக்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது, எல்லாம் விரைவாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பச்சை போவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பயம் போய்விட்டால் மகளை வராதே என்று தடுக்க எது மிச்சமிருக்கும் என்பதுதான் கவலை. அதனால் அவள் ஒரு பேச்சை மனப்பாடம் பண்ணினாள். விரல்கள் தாமாகக் கிள்ளுவதுபோல வாயும் தானாகச் சொல்ல வேண்டும் என்று, பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து, 'உள்ள வராதட்டி. பிள்ளையைக் கீழ விடாத. திரும்பிப் போ' என்று ஆயிரம் தரம் சொன்னாள்.

வியாழக்கிழமை அறுபத்துநாலு. ஜன்னலுக்கு வெளியே மலை சாம்பலாக இருந்தது. கிள்ளினாள். வெள்ளிக்கிழமை நூற்றிருபத்தெட்டு, அம்மிக்கல்லைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில், தொட்டில் கட்ட நினைத்திருந்த விட்டத்துக்கு நேர்கீழே. கிள்ளினாள். சனிக்கிழமை, பயத்துக்குப் பின்னால் நினைவும் போய், எதற்காகக் கிள்ளுகிறோம் என்பது மறந்துபோயிருந்தது, ஆனாலும் விரல்கள் நிறுத்தவில்லை. வாய் அந்த மூன்று பேச்சையும் சொல்லிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சுவரிலிருந்து சுவர் வரை, வாசற்படியை இடிக்கும்வரை பூ நின்றது, கால் வைக்க இடமில்லை. மூலையில் முப்பிடாதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கஞ்சித்தண்ணிபோல வெளுத்து, நெஞ்சு வெறும் வயலாக. ஒரு வீடு நிறைந்த பூக்கள் அத்தனையும் அவளைப் பார்த்துத் தலை சாய்த்திருந்தன.

ஜீப் பத்து மணிக்கு வந்தது. பாடியின் எல்லா வாசலிலும் பெண்கள் நின்றார்கள். வெயிலு பச்சைக் குழந்தையைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு நிறம் வந்திருந்தது, பயமும் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்றாம் நாள் கையிலிருந்த வளையல் பச்சையாகத் தெரிந்தபோதே அம்மா என்ன செய்தாள் என்று அவளுக்கு விளங்கி, பெற்ற உடம்போடு ஓடிவரப் பார்த்தவளைச் சீனியம்மாள்தான் கட்டிப்பிடித்து நிறுத்திவைத்திருந்தாள். இப்போது ஓட்டமும் நடையுமாக வந்து ஒன்பதாம் வீட்டுக் கதவைக் காலால் தள்ளினாள்.

"அம்மா!"

மூலையிலிருந்து முப்பிடாதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண், கையில் ஏதோ துணிமூட்டை. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய் தானாகச் சொன்னது. "உள்ள வராதட்டி. பிள்ளையைக் கீழ விடாத. திரும்பிப் போ."

வெயிலு தரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கட்டில் கயிற்று இடுக்கில்கூடப் பூ தலை நீட்டியிருந்தது. திரும்பினாள். பக்கத்தில் நின்ற சீனியம்மாளிடம் பிள்ளையை நீட்டினாள். "அக்கா, பிடிங்கக்கா. ஒரு நிமிஷம். எல்லாத்தையும் பறிச்சுப் போட்டுட்டு வாங்கிக்கிடுதேன்."

சீனியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது, கையை மட்டும் எடுக்கவில்லை.

"எக்கா, உங்க புண்ணியமாப் போகும்!" வெயிலு எட்டாம் வீட்டைப் பார்த்து நீட்டினாள், பத்தாம் வீட்டைப் பார்த்து நீட்டினாள், முற்றத்தில் இறங்கி வரிசை நெடுக ஒவ்வொரு வாசலுக்கும் ஓடி ஓடி நீட்டினாள். பிறந்த பிள்ளையைக் கண்டால் நான் நீ என்று கையேந்துகிற பெண்கள், ஒருத்தி பாக்கியில்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் சபித்தாள். நீங்களெல்லாம் பெண்களா என்று கேட்டாள். மறுபடி ஓடிவந்து, ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் எட்டிப் பறித்துவிடலாம் என்று வாசற்படியில் மண்டியிட்டுக் குனிந்தாள்.

குனிந்தபோது துண்டு விலகிப் பிள்ளையின் கை வெளியே வந்தது. ஐந்து நாள் வயசுக் கை. எது தட்டுப்பட்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற கை. அது காற்றில் விரிந்து, மூடி, விரிந்து, வாசற்படி ஓரத்துப் பூவின் தண்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் மறுபடி விரிந்தது.

வெயிலு கத்தினாள். மலையே கேட்கும்படி கத்தினாள். பிள்ளையை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி மார்போடு அழுத்திக்கொண்டு பின்பக்கமாக விழுந்தாள், விழுந்தவள் எழுந்தாள், பிள்ளையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வெறுங்கை. மணிக்கட்டில் நரம்பு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்குள் பார்த்தாள். மூலையிலிருந்து அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பயமில்லாத, யாரையும் தெரியாத கண்ணால். "திரும்பிப் போ" என்றது அந்த வாய்.

வெயிலு பிள்ளையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. எடுக்காமலே ஜீப்பில் ஏறினாள், எடுக்காமலே அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட ஒரு கையைப் பிரிக்கவில்லை.

ஜீப் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து இறங்கி, கடைசியில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியபிறகுதான் மூணாம் பாடிப் பெண்கள் கைகளை முன்னால் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவரவர் வாசலிலேயே வெகுநேரம் நின்றார்கள்.